அப்பாவுக்கு மூண்டு குழாயிலயும் அடைப்பு: ஸ்டென்ட் வைக்கேலாதா, பைபாஸ்தான் வழியா?

வெள்ளவத்தை மகள் | மார்ச் 4, இரவு 10.12

வணக்கம். எங்கயிருந்து தொடங்கிறதெண்டு தெரியேல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுறன்.

அப்பாவுக்கு 64 வயது. புறக்கோட்டையில ஒரு இரும்புக்கடையில முப்பது வருசத்துக்கு மேல கணக்கு எழுதினவர். சீனி வருத்தம் வந்து 18 வருசம், பிரஷருக்கும் குளிசை. தைப்பொங்கலுக்கு முதல் நாள் சந்தையிலயிருந்து கரும்பும் பையுமாய் நடந்து வந்தவர் எங்கட ஒழுங்கை முகப்பில நிண்டிட்டார். நெஞ்சை ஆரோ உள்ளங்கையால அமத்திற மாதிரி இருக்கெண்டார். அஞ்சு நிமிசம் நிக்க விட்டிட்டுது. பிறகு மாடி ஏறேக்க ரெண்டு தரம் அதே அமத்தல். காஸ் எண்டு சொல்லித் தட்டிக் கழிச்சுக்கொண்டு இருந்தவரை நான் விடாப்பிடியாய் நிண்டு இதய டொக்டரைச் சனல் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனன். படுத்திருக்க எடுத்த ஈசிஜியில ஒண்டுமில்லை. நடக்க விட்டு எடுத்ததில மாற்றம். போன புதன்கிழமை மணிக்கட்டால குழாய் விட்டு இதய நாடிகளைப் படம் எடுக்கிற அஞ்சியோ செய்தவை.

றிப்போட்டில உள்ளது இது: இதயத்தின்ர முன்பக்கத்தால இறங்கிற இடது நாடியின்ர தொடக்கத்தில 90 வீதம் அடைப்பு, வலது நாடியில 80, பின்னால சுத்திப் போற நாடியில 75. எக்கோ ஸ்கானில இதயம் இரத்தத்தைத் தள்ளுற வலு 50 வீதம். டொக்டர் பைபாஸ் எண்டு சொல்லி சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தந்திட்டார்.

அண்டைக்கு முழுக்க அப்பா கதைக்கேல்ல. அடுத்த நாள் காலமை இடியப்பக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு என்னைப் பாத்துக் கேட்டார்: "கையால போய்த்தானே பாத்தவை. கையாலயே செய்து விடட்டுமன். நெஞ்சை ஏன் பிளக்க வேணும்?"

எனக்குப் பதில் தெரியேல்ல. வெளிநாட்டில இருக்கிற சித்தப்பாவும் ஃபோனில அதையேதான் கேக்கிறார். இந்த வழியால போனவை, ஸ்டென்ட் வைச்சவையாயிருந்தாலும் பைபாஸ் செய்தவையாயிருந்தாலும், தயவுசெய்து எழுதுங்கோ.


கோகுலன் தெஹிவளை | மார்ச் 4, இரவு 10.40

முதல் ஒண்டு தங்கச்சி. சிறுநீரகத்துக்குப் பாக்கிற கிரியேட்டினின் எவ்வளவு? மூண்டு மாதச் சீனி (எச்பிஏ1சி) எவ்வளவு? இது ரெண்டும் இல்லாமல் ஆர் என்ன சொன்னாலும் அரைகுறைதான். அதோட, முடிவு எடுக்கும் வரைக்கும் அப்பா பாரம் தூக்க வேண்டாம்.


வெள்ளவத்தை மகள் | மார்ச் 4, இரவு 10.58

கிரியேட்டினின் 1.1. எச்பிஏ1சி 8.4. பாரம் தூக்க விடேல்ல அண்ணா.


பழைய கத் லாப் தாதி | மார்ச் 5, காலை 6.15

தங்கச்சி, நான் கத் லாப்பில, அதாவது அஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யிற அறையில, 11 வருசம் நிண்டனான். டொக்டர் இல்லை. ஆனால் உங்கட அப்பா கேட்ட கேள்வியை அந்த மேசையில படுத்த எத்தினையோ பேர் என்னைக் கேட்டிருக்கினம். அதால வடிவா எழுதுறன்.

அஞ்சியோ எண்டது பாக்கிற வேலை. மணிக்கட்டு நாடிக்குள்ள ரெண்டு மில்லிமீற்றர் அளவு குழாய் ஒண்டைக் கொண்டுபோய், மருந்து அடிச்சு, எக்ஸ்றேயில படம் எடுக்கிறது. அதே வழியால பலூனைக் கொண்டுபோய் அடைப்பை விரிச்சு, திரும்பச் சுருங்காமல் கம்பி வலை வைச்சால் அது ஸ்டென்ட். 1977 செப்டம்பரில சூரிச்சில குருன்ட்சிக் எண்ட டொக்டர் முதல் முதல் முழிச்சிருக்கிற ஒரு ஆளின்ர இதய நாடியில பலூன் விரிச்சவர். அந்த ஆளுக்கு 38 வயது, ஒரே ஒரு அடைப்பு. அந்த "ஒரே ஒரு" எண்டதை மனதில வைச்சிருங்கோ.

இப்ப வெள்ளவத்தையில இருக்கிற ஆளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். காலி வீதியில பம்பலப்பிட்டிச் சந்தியில வாகனம் இறுகி நிக்குது. அந்த இடத்தை மட்டும் துப்புரவாக்கி விட்டால் அது ஸ்டென்ட். மற்ற இடமெல்லாம் நல்ல வீதி எண்டால் அது போதும், அருமையான வேலை. ஆனால் 18 வருசச் சீனி உள்ள ஆளின்ர நாடி அப்பிடி இருக்காது. இண்டைக்கு பம்பலப்பிட்டி, அடுத்த வருசம் மிலாகிரிய, அதுக்கு அடுத்த வருசம் கொள்ளுப்பிட்டி. முழு வீதியுமே கொஞ்சம் கொஞ்சமாய் ஒடுங்கிக்கொண்டு வரும். பைபாஸ் எண்டது காலி வீதிக்குப் பக்கத்தால கடற்கரையோரம் போற மரைன் டிரைவ். அடைப்புக்கு அங்கால, நல்ல நாடியில போய்ப் புதுக் குழாயைத் தைக்கினம். நாளைக்குக் காலி வீதியில இன்னொரு இடம் இறுகினாலும், கடற்கரையால போற வாகனம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஸ்டென்ட் இண்டைக்கு இருக்கிற அடைப்புக்கு. பைபாஸ் இனி வரப்போற அடைப்புக்கும் சேர்த்து.

இது என்ர கற்பனை இல்லை. சீனியும், ஒண்டுக்கு மேற்பட்ட நாடியில அடைப்பும் உள்ள 1900 பேரை ரெண்டாய்ப் பிரிச்சுப் பாத்த ஃப்ரீடம் எண்ட ஆய்வு 2012இல வந்தது. அஞ்சு வருச முடிவில ஸ்டென்ட் வைச்ச ஆக்களில 16.3 வீதம் இறந்திருந்தவை, பைபாஸ் செய்த ஆக்களில 10.9 வீதம். மாரடைப்பு ஸ்டென்ட் பக்கம் 13.9, பைபாஸ் பக்கம் 6. ஆனால் பக்கவாதம் மறுவளம்: பைபாஸ் பக்கம் 5.2, ஸ்டென்ட் பக்கம் 2.4. இந்தக் கடைசிக் கணக்கையும் மறைக்காமல் அப்பாவுக்குச் சொல்லுங்கோ. அவரின்ர உடம்பு.

காயம் சின்னன் எண்டால் வைத்தியம் சிறந்தது எண்டு எங்கட சனம் நினைக்குது. காயத்தின்ர நீளத்தைப் பாத்து இதைத் தீர்மானிக்கிறேல்ல.


ஹரோவிலிருந்து | மார்ச் 5, பிற்பகல் 2.30

மன்னிக்கோணும், ஆனால் இதை ஏற்க ஏலாமல் கிடக்கு. இங்க என்ர மாமியாருக்கு 84 வயதில இதயத்துக்கை வால்வையே தொடையால கொண்டுபோய் மாத்திப்போட்டு மூண்டாம் நாள் வீட்ட விட்டவை. நெஞ்சில ஒரு கீறல் இல்லை. வால்வையே அப்பிடி மாத்தலாமெண்டால் குழாய் அடைப்புக்கு ஏன் நெஞ்செலும்பை அறுக்க வேணும்? கொழும்பில வசதி இல்லாததாலதான் பழைய முறையைச் செய்யினமோ எண்டு எனக்குச் சந்தேகம்.


பழைய கத் லாப் தாதி | மார்ச் 5, மாலை 5.50

மாமியாருக்கு நல்லா வந்தது சந்தோசம். ஆனால் அது வேற வருத்தம், வேற வேலை. வால்வு எண்டது கதவு. கதவு இறுகிப்போனால் பழைய கதவுக்குள்ளயே புதுசை விரிச்சு வைக்கலாம். 2002இல பிரான்சில றூஆன் நகரத்தில கிறிபியே எண்டவர் முதல் செய்தவர். வயது போன, சத்திரசிகிச்சை தாங்காத ஆக்களுக்கு அது பெரிய வரம். நாங்கள் கதைக்கிறது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோற மூண்டு, நாலு மில்லிமீற்றர் நாடிகளைப் பற்றி.

வசதிக் கதைக்கு ஒரு வார்த்தை. கொழும்பில அரச ஆஸ்பத்திரியிலயும் தனியாரிலயும் ஸ்டென்ட் தினம் வைக்கினம். கண்டி, காலி, யாழ்ப்பாணத்திலயும் கத் லாப் இருக்கு. ஸ்டென்ட் வைக்கத் தெரியாமல் பைபாஸுக்கு அனுப்பிறேல்ல. வைக்கக்கூடிய ஆளே "இவருக்கு இது வேண்டாம்" எண்டு கையைக் கட்டி நிக்கிறார் எண்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் குடுங்கோ. மேசையில வைச்சே வேலையை முடிக்காமல், படத்தை எடுத்துக்கொண்டு வெளிய வந்து குடும்பத்தோட கதைச்ச டொக்டரை நான் நல்லவர் எண்டுதான் சொல்லுவன்.

கீ ஹோல் பைபாஸும் இருக்கு. இடது மார்புக்குக் கீழ, விலா எலும்புகளுக்கு இடையால திறந்து செய்யிறது. அது கூடுதலாய் முன்பக்க நாடி ஒண்டுக்கு மட்டும் தேவையானவைக்கு. மூண்டு நாடிக்கும் எண்டால் பெரும்பாலும் நெஞ்சு நடுவாலதான்.


றிஸ்வான் மட்டக்குளி | மார்ச் 6, இரவு 12.05

தங்கச்சி, எங்கட வாப்பாக்கு ஸ்டென்ட்தான். ஆனா அவர்ட கதை வேற. அத சொன்னா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளங்கும்.

2021, நோன்பு முடிஞ்சி ஒரு மாசம். ராவு ஒரு மணிக்கு நெஞ்சி எரியுதுன்னு எழும்பினார். உம்மா இஞ்சி தட்டிக் குடுத்தாங்க. பொறகு சோடா. பொறகு காஸ் குளிசை. வேர்த்து ஊத்துது, இடது கை மரத்துப் போவுதுன்னு சொல்றார், நாங்க இன்னும் முதுகத் தடவிக்கிட்டு இருக்கோம். மூணு மணித்தியாலம் அப்பிடியே போச்சி. அந்த மூணு மணித்தியாலத்த நினைச்சா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வராது. நாலு மணிக்குத்தான் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சோம். அம்புலன்ஸுக்குள்ளயே ஈசிஜி எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன கையோட நேரா கத் லாப். ஒரு நாடி முழுசா அடைச்சிருந்திச்சி. தொறந்து ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. வாப்பா இருக்கார், அல்ஹம்துலில்லாஹ். ஆனா இதயத்துல ஒரு பகுதி செத்துப்போச்சி. படி ஏறினா இப்பவும் மூச்சு வாங்கும். அது அந்த மூணு மணித்தியாலத்துட வேல.

மாரடைப்பு வந்த நேரத்துல ஸ்டென்ட்ட மிஞ்சின ஒண்டும் இல்ல. அங்க யோசிக்க நேரமும் இல்ல. உங்கட அப்பாக்கு யோசிக்க நேரம் கெடச்சிருக்கு, அது பெரிய நிஃமத்.

இன்னொண்டு. ஸ்டென்ட் வெச்சா வேல முடிஞ்சின்னு நெனைக்க வேணாம். ரெத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்னு ரெண்டு குளிசையும் ஒரு வருசம் விடாம குடிக்கச் சொன்னாங்க. நாலாம் மாசம் வாப்பா பல்லுப் புடுங்கப் போன எடத்துல, ரெத்தம் நிக்காது, ரெண்டு குளிசையையும் ஒரு கிழமைக்கு விடுங்கன்னு சொல்லிட்டாங்க. நல்ல வேளை, நான் கிளினிக்குக்கு அடிச்சி கேட்டேன். அங்க இருந்த டொக்டர் சத்தம் போட்டார். புது ஸ்டென்ட்டுக்குள்ள ரெத்தம் கட்டினா ஆளே போயிரலாமாம். குளிசையோடயே பல்லப் புடுங்கினாங்க, பஞ்ச கடிச்சிக்கிட்டு இருந்தார், ரெத்தம் நிண்டிச்சி. யாரு சொன்னாலும் இதயக் கிளினிக்கக் கேக்காம அந்தக் குளிசைய நிப்பாட்டாதீங்க.


கோகுலன் தெஹிவளை | மார்ச் 6, காலை 7.20

றிஸ்வான் சொன்ன 1990, சுவசெரிய, 2016இல மேல், தென் மாகாணங்களில தொடங்கி இப்ப நாடு முழுக்க ஓடுது. காசு இல்லை. முச்சக்கரவண்டியில ஏத்திக்கொண்டு போறதை விட இது நல்லது, வழியில இதயம் நிண்டாலும் கையில கருவி இருக்கு. இந்த இலக்கத்தை அம்மாவின்ர ஃபோனிலயும் போட்டு வையுங்கோ.


செல்வம் கொட்டாஞ்சேனை | மார்ச் 6, இரவு 9.00

எனக்கு சொந்த ஊர் பதுளை பக்கம். அம்மா தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. மூணு வருசத்துக்கு முன்ன இதே மாதிரி மூணு குழாய் அடைப்பு. தனியார்ல கேட்ட தொகைய கேட்டதும் நாங்க வெளிய வந்து பஸ் ஹோல்ட்ல உக்காந்துட்டோம். யாரும் ஒண்ணும் பேசல.

கொழும்புல அரச ஆஸ்பத்திரியில பேரு போட்டோம். ஆபரேசன் இலவசம். ஆனா ஏழு மாசம் காத்திருந்தோம். அந்த ஏழு மாசம்தான் எங்களுக்கு ஆபரேசன விட கஷ்டம். அதனால அதப்பத்தி எழுதுறேன், ஏன்னா யாரும் சொல்லித் தரமாட்டாங்க. அம்மா நாக்குக்கு அடியில வைக்கிற குளிசைய முந்தானையில முடிஞ்சே வச்சிருந்தாங்க. உக்காந்துக்கிட்டுத்தான் வைக்கணும், நின்னுக்கிட்டு வச்சா தலை சுத்தி விழுந்துடுவாங்க. நடக்கும்போது வர்ற வலி நின்னதும் போயிட்டா சரி. சும்மா இருக்கும்போது வந்தாலோ, குளிசை வச்சு அஞ்சு நிமிசத்துல விடலைன்னாலோ, அடுத்த கிளினிக் தேதிய பாக்காம உடனே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (ஈரீயூ) வரச் சொன்னாங்க. நாங்க ஒரு தடவ அப்படி ஓடினோம். அதுக்கு அப்புறம் பட்டியல்ல அம்மாவோட பேர மேல ஏத்தினாங்க.

காசு வழியையும் சொல்றேன். வருமானம் குறைஞ்சவங்க ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆபரேசனுக்கு முன்னாடியே விண்ணப்பத்த குடுத்துடுங்க. வேலை செஞ்சவங்களுக்கு ஊழியர் நம்பிக்கை நிதிய (ஈ.ரீ.எஃப்.) சபையில இதய சத்திரசிகிச்சைக்கு உதவி இருக்கு. அரச ஊழியர்னா அக்ரஹார காப்புறுதி. தனியார்ல பெக்கேஜ்னு ஒரு தொகை சொன்னா, ஐசியூவுல ரெண்டு நாள் கூட இருந்தா அதுக்குள்ள அடங்குமான்னு கட்டாயம் எழுத்துல கேளுங்க.


வெள்ளவத்தை மகள் | மார்ச் 7, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. செல்வம் அண்ணா, பஸ் ஹோல்ட்டில இருந்ததைப் படிச்சிட்டு நான் அழுதிட்டன்.

அப்பாவுக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில, "அப்ப ஒண்டும் செய்யாமல் குளிசையோட இருந்தால் என்ன?" எண்டு கேட்டார். எனக்குக் கோபம் வந்திட்டுது. பிறகு யோசிச்சன், அதுவும் ஒரு கேள்விதானே. அவர் பயத்தில கேக்கிறாரா, நான் பயத்தில அவரை ஆபரேசனுக்குத் தள்ளுறனா எண்டே எனக்கு இப்ப தெரியேல்ல.


பழைய கத் லாப் தாதி | மார்ச் 8, காலை 5.55

அப்பா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். கோபப்படாதேங்கோ.

மாரடைப்பு இல்லாத, வருத்தம் நிதானமாய் இருக்கிற ஆக்களில குளிசையை மட்டும் குடுக்கிறதையும், அதோட ஸ்டென்டோ பைபாஸோ செய்யிறதையும் ஒப்பிட்டு 37 நாட்டில 5179 பேரோட ஒரு ஆய்வு நடந்தது. இஸ்கீமியா எண்டு பெயர், 2019இல முடிவு சொன்னவை. இறப்பில வித்தியாசம் காணேல்ல. நெஞ்சு நோ குறைஞ்சது உண்மை. அதால "அடைப்பு இருக்கு, ஓடிப்போய் ஸ்டென்ட் வை" எண்ட காலம் போட்டுது. நானே பாத்திருக்கிறன், ஒரு நோவும் இல்லாத ஆள் உடம்புச் சோதனைப் பெக்கேஜில அகப்பட்டு, பயந்து வந்து வைச்சுக்கொண்டு போறதை. அப்பிடியானவைக்கு நல்ல மருந்தும், நடையும், வாய்க்கட்டுப்பாடும் பெரிய வைத்தியம்.

ஆனால் அந்த ஆய்வில இடது பிரதான நாடி, அதாவது முன்பக்க நாடியும் சுத்து நாடியும் பிரியிறதுக்கு முதல் உள்ள அடிமரம், அடைபட்ட ஆக்களைச் சேர்க்கேல்ல. உங்கட றிப்போட்டில அடிமரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. அப்பாவுக்குச் சந்தையிலயிருந்து வீட்ட வரவே நோகுது, சீனி, மூண்டு நாடி, அதுவும் முன்பக்க நாடியின்ர தொடக்கத்திலயே 90. இவ்வளவும் ஒரு ஆளில சேர்ந்தால் தராசு சாயிற பக்கம் தெரியுதுதானே. எண்டாலும் சத்திரசிகிச்சை நிபுணரை நேரில கண்டு, அப்பாவையே கேக்க விடுங்கோ. எந்த நாடிக்கு எந்தக் குழாய் எடுப்பியள்? அடைப்பு எவ்வளவு சிக்கல் எண்டு கணக்கிடுற சின்டாக்ஸ் புள்ளி எத்தினை? இதே ஆளை உங்கட சொந்த அண்ணன் எண்டு நினைச்சால் என்ன செய்வியள்? கடைசிக் கேள்விக்கு அவையின்ர முகத்தைப் பாருங்கோ.

என்ன முடிவு எடுத்தாலும் ஸ்டாட்டின் குளிசையும் சீனிக் கட்டுப்பாடும் போகாது. பைபாஸ் செய்த ஆள் கொலஸ்ட்ரோல் குளிசையை விட்டால் புதுக் குழாயும் அடைபடும்.


ஹரோவிலிருந்து | மார்ச் 8, பிற்பகல் 1.10

நான் அவசரப்பட்டு எழுதினது பிழை. கொழும்பைப் பற்றிச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். ஒரு கேள்வி. புதுக் குழாயும் அடைபடும் எண்டால், மரைன் டிரைவும் இறுகும் எண்டுதானே அர்த்தம்?


பழைய கத் லாப் தாதி | மார்ச் 8, இரவு 7.30

இறுகும். எந்தக் குழாய் எண்டதைப் பொறுத்தது. காலில எடுக்கிற நாளம், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவாற குழாய், 10 வருசத்தில பாதிக்குக் கிட்ட அடைபடக்கூடும். நெஞ்செலும்புக்குப் பின்னால, இடது பக்கத்தில ஓடுற நாடி ஒண்டு இருக்கு. அதைத் திருப்பி முன்பக்க நாடியில தைச்சால் 10 வருசத்துக்குப் பிறகும் பத்தில ஒன்பது திறந்தே இருக்கும். நாளம் குறைஞ்ச அழுத்தத்துக்குப் பழகினது, நாடி அழுத்தம் தாங்கவே பிறந்தது. அதாலதான் "எந்தக் குழாய்" எண்ட கேள்வியை முதல்ல எழுதினனான். 1967இல கிளீவ்லண்டில ஃபவலோறோ கால் நாளத்தை வைச்சுத்தான் இந்தச் சத்திரசிகிச்சையை நிலைநிறுத்தினவர், நெஞ்சு நாடியின்ர அருமை பிறகுதான் எல்லாருக்கும் விளங்கினது.


ஆனந்தி ரீச்சர் | மார்ச் 9, மாலை 4.15

எங்கட அம்மாவுக்குக் காலில இதே வருத்தம். நூறு யார் நடக்கக் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், நிண்டால் விடும். வாதம் எண்டு எண்ணெய் தடவிக்கொண்டு இருந்தவ. பெருவிரலில ஒரு சின்னக் காயம் ரெண்டு மாதமாய் ஆறாமல் கறுத்த பிறகுதான் காலுக்கு இரத்தம் போகேல்ல எண்டு கண்டுபிடிச்சவை. தொடையால பலூன் விட்டு நாடியைத் திறந்து விரல் ஒண்டோட தப்பினது. பலூன் வைத்தியமே முதல்ல காலிலதான் தொடங்கினதாம், 1964இல டொட்டர் எண்டவர் காலை வெட்டச் சொன்ன 82 வயது அம்மா ஒராளின்ர நாடியைத் திறந்து காலைக் காப்பாத்தினவராம்.

நான் சொல்ல வந்தது, இதயத்தில அடைப்பு உள்ள சீனிக்காரர் கால் நாடியையும் கழுத்து நாடியையும் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. அதே குழாய்தானே உடம்பு முழுக்க ஓடுது. அப்பாவின்ர பாதத்தை ஒவ்வொரு நாளும் பாருங்கோ, விரலிடுக்கு உட்பட.


வெள்ளவத்தை மகள் | மார்ச் 19, இரவு 9.30

இண்டைக்குச் சத்திரசிகிச்சை நிபுணரைக் கண்டம். அடிமரத்தில பிரச்சினை இல்லை. கழுத்து நாடி ஸ்கான் செய்து பாத்தாச்சு, நல்லா இருக்கு.

அப்பா தான் எழுதிக்கொண்டு போன துண்டை எடுத்து ஒவ்வொண்டாய்க் கேட்டார். டொக்டர் றிப்போட்டின்ர பின்பக்கத்தில படம் கீறினார். முன்பக்க நாடிக்கு நெஞ்சு நாடி, மற்ற ரெண்டுக்கும் கால் நாளம். இதயத்தை நிப்பாட்டி, இரத்தத்தை மெஷினால ஓட விட்டுத் தைக்கிறது. அப்பா அந்த இடத்தில கேட்டார், நிப்பாட்டின இதயம் திரும்ப ஓடாட்டி? டொக்டர் சிரிக்கேல்ல. 1953 தொடக்கம் இந்த மெஷின் இருக்கு, ஓடாமல் விடுறது மிக அருமை, ஆனால் ஆபத்து இல்லையெண்டு நான் சொல்லமாட்டன் எண்டார். அண்ணன் கேள்விக்கு, "என்ர அண்ணனுக்கும் இதைத்தான் செய்வன்" எண்டு உடன சொன்னார்.

வெளிய வந்து லிஃப்டுக்கு நிக்கேக்க அப்பா சொன்னார், "சரி, செய்வம்." அவ்வளவுதான். ஏப்ரல் 2 திகதி தந்திருக்கினம்.


பழைய கத் லாப் தாதி | மார்ச் 20, காலை 6.05

அவரே சொன்னது நல்லது. மேசையில படுக்கிறவர் சொல்ல வேண்டிய சொல் அது.

இனி இருக்கிற ரெண்டு கிழமை. பல் டொக்டரிட்டப் பல்லைக் காட்டுங்கோ, சொத்தை இருந்தால் இப்பவே பாருங்கோ. குளோபிடோக்ரெல் குடிக்கிறார் எண்டால் வழமையாய் அஞ்சு நாளைக்கு முதல் நிப்பாட்டச் சொல்லுவினம், ஆஸ்பிரினைத் தொடரச் சொல்லுவினம், ஆனால் திகதியை அவையள்தான் சொல்ல வேணும். மூண்டு பந்து உள்ள மூச்சுக் கருவி ஒண்டு பாமசியில வாங்கி இப்பவே பழக்குங்கோ. ஊதிறதில்லை, உள்ளுக்கு இழுக்கிறது. ஆபரேசனுக்குப் பிறகு முதல் தரம் பழகிற ஆள் நோவில விட்டிடுவார். இரத்தம் குடுக்க ஆள் தேடி அலையத் தேவையில்லை, இந்த நாட்டில 2014 தொடக்கம் முழுக்கத் தன்னார்வக் கொடைதான். நன்றிக்கடனாய்ப் பிறகு ஒருநாள் நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் போய்க் குடுங்கோ.


வெள்ளவத்தை மகள் | ஏப்ரல் 6, இரவு 11.20

முடிஞ்சுது. அஞ்சரை மணித்தியாலம். ரெண்டு நாள் ஐசியூவில. நேற்று திடீரெண்டு இதயம் 140க்குத் துடிச்சு, தாளம் தப்பிப் போச்சு. நான் விறைச்சுப் போய் நிண்டன். பைபாஸ் செய்த ஆக்களில கன பேருக்கு ரெண்டாம், மூண்டாம் நாளில இது வாறதெண்டு தாதி மிஸ் சொன்னா. மருந்து ஏத்தினவை, இண்டைக்குக் காலமை திரும்ப ஒழுங்காயிட்டுது. இதை முதலே ஆராவது எனக்குச் சொல்லியிருக்கலாம், அதால இனி வாற ஆக்களுக்காக எழுதி வைக்கிறன்.


றிஸ்வான் மட்டக்குளி | ஏப்ரல் 6, இரவு 11.48

உம்மா தொழுதுட்டு உங்கட அப்பாக்கும் சேத்து துஆ கேட்டாங்க தங்கச்சி.


வெள்ளவத்தை மகள் | மே 11, மாலை 6.40

இதை அப்பா தானே ரைப் பண்ணினவர். நான் ஒரு எழுத்தும் மாத்தேல்ல.

வணக்கம். நான்தான் அந்த அப்பா. நீங்கள் எழுதியவற்றை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மூன்று தடவை வாசித்தேன். என்னைப்போல் பயந்திருக்கும் ஒருவருக்காக, கத்திக்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நெஞ்சைவிடக் கால்தான் வலித்தது. நாளம் எடுத்த இடம் கணுக்கால் முதல் முழங்கால் வரை. கால் வீங்கும், இரவில் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். நெஞ்சுக் காயம் கம்பியால் கட்டியிருப்பதால் அசையாமல் இருந்தால் தாங்கலாம். இருமல்தான் எதிரி. சிறிய தலையணை ஒன்றை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமினால் எலும்பு பிரிவது போன்ற உணர்வு வராது. தும்மலுக்கும் அதுவே. படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றக்கூடாது, உடலைப் பக்கத்துக்கு உருட்டிக் காலைத் தொங்கவிட்டுப் பிறகு எழ வேண்டும். இதைப் பழக எனக்கு நான்கு நாள் பிடித்தது.

ஐசியூவில் இரண்டாம் இரவு, கூரையில் கடல் ஓடுவதாகத் தெரிந்தது. தாதியிடம் இரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேனாம். விடிந்ததும் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பின் இரண்டு கிழமை சோற்றில் ருசி இல்லை, காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. முப்பது வருடம் கணக்குப் பிழைக்காத எனக்கு ஒரு கூட்டல் செய்யப் பொறுமை இல்லை. இவை எல்லாம் வந்து போகும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். போய்க்கொண்டிருக்கின்றன.

மரைன் டிரைவில் காலையில் நடக்கிறேன். முதல் நாள் நான்கு விளக்குக் கம்பம். இன்றைக்கு முப்பத்தொன்று. ஒழுங்கை முகப்பில் நிற்கவில்லை.

தாதி அம்மாவிடம் ஒரு கேள்வி. ஐந்து கிழமையாக மல்லாந்தே படுக்கிறேன். முதுகு வலிக்கிறது. எப்போது பக்கவாட்டில் படுக்கலாம்?


பழைய கத் லாப் தாதி | மே 12, காலை 5.50

ஐயா, முப்பத்தொரு கம்பம் எண்டதை வாசிச்சிட்டுத் தேத்தண்ணியை வைச்சிட்டு எழும்பி நிண்டன்.

எலும்பு ஒட்ட ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை, முழுப் பலம் வர மூண்டு மாதம். அடுத்த கிளினிக்கில நெஞ்செலும்பு உறுதியாய் இருக்கெண்டு சொன்னால் பக்கத்துக்குப் படுக்கலாம். முதுகுக்குப் பின்னால ஒரு தலையணை, நெஞ்சுக்கு முன்னால அந்தச் சின்னத் தலையணை. திரும்பேக்க நெஞ்சில "கிளிக்" எண்டு சத்தம் கேட்டாலோ, காயத்தில சிவப்போ நீரோ கண்டாலோ, கிளினிக் திகதி வரும் வரைக்கும் நிக்காமல் அண்டைக்கே போய்க் காட்டுங்கோ. மூண்டு மாதம் வரைக்கும் தண்ணி வாளி தூக்க வேண்டாம்.